வினா பதினேழு

ஆடி அமாவாசைக்கு முந்திய வியாழன்.
அமிர்தகழி ஒழுங்கையில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினேன்.
தோளில் ஒரே பை.
அடியில் நற்கருணைப் பெட்டி,
அதன்மேல் முப்பத்திரண்டு வினாக்கள், நாற்பது பிரதி.
வீட்டுக்குள் போனதும் எதை முதலில் வெளியே எடுப்பது?
ஆயரும் சொல்லித்தரவில்லை,
வந்தாறுமூலையில் என் பேராசிரியரும்.

றூபவதி கதிராமத்தம்பி
இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள்.
கடைக்கு நூற்றிருபது.
"நீங்க கேளுங்க பாதர், கை வேலை செய்யும்."

ஞாயிறு ஆராதனை?
"எல்லா ஞாயிறும். லெந்து காலத்துல ஒண்டு தவறிச்சு,
கலியாண ஓடர். அதையும் எழுதுங்க."
எழுதினேன்.
பிற மத வழிபாட்டிடங்கள்:
அடிக்கடி, எப்போதாவது, ஒருபோதும் இல்லை.
"மாமாங்கத்துக்குப் போவன்.
வெள்ளாப்புல, சனம் வர முதல்.
முழுக மாட்டன். படியில இருந்து
காலை மட்டும் தண்ணியில வைப்பன்."

ஏன் என்பது வினாத்தாளில் இல்லை.
என்றாலும் வாயில் வந்துவிட்டது.

"முழுகினா திதி.
காலை வெச்சா சும்மா தண்ணிதானே."

உரலை அழுத்தினாள்.
வெள்ளை நூல் தட்டில் சுற்றிச் சுற்றி விழுந்தது.

பதினேழாவது:
மணமாகாதவர், மணமானவர், விதவை, பிரிந்து வாழ்பவர்.
நான்கு பெட்டி.
நான் வாசிக்கவில்லை.
அவள் தலைகீழாகப் பார்த்தே வாசித்துவிட்டாள்,
பிறகு ஆவி பறக்கும் மூடியைத் துணியால் பிடித்துத் திறந்தாள்.

இந்தப் பெட்டிகளை எனக்குத் தெரியும்.
ஆலயத்திலும் இருக்கின்றன, இரண்டு.
காணிக்கைத் தட்டில் கிழமைக்கொரு துண்டு வரும்,
மடித்தது, வில்லியம் என்று மட்டும்.
எனக்கு முன் இருந்த குரு
மரித்தோர் பட்டியலில் வாசித்தாராம்.
இரண்டு மாதம் அவள் வரவில்லை.
நான் கெட்டித்தனமாய் நோயாளரோடு சேர்த்தேன்.
வெஸ்ட்ரி வாசலுக்கே வந்தாள்:
"அவருக்கு வருத்தம் ஒண்டுமில்ல பாதர்."
அன்றிலிருந்து
ஒரு பட்டியல் முடிந்து அடுத்தது தொடங்குமுன்
தாளைப் புரட்டும்போது சொல்கிறேன்.
தாள் சத்தத்தில் பாதிப்பேருக்குக் கேட்பதில்லை.
அவளுக்குக் கேட்கிறது.

வினாத்தாளை மடித்தேன். பெட்டியைத் திறந்தேன்.
கை கழுவ எழும்பினாள், வேண்டாம் என்றேன்.
மா படிந்த உள்ளங்கையில் அப்பத்தை வைத்தபோது
எது அப்பம் எது மா என்று
ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை.
நான் கொண்டுபோனது இரண்டு.
ஏன் இரண்டு? வழக்கமாய் எண்ணித்தான் எடுப்பேன்.
மீந்ததைக் குருவே உண்ணவேண்டும் என்பது விதி.
உண்டேன்.

புறப்படும்போது பத்து இடியப்பமும் சம்பலும்
லஞ்ச் சீற்றில் சுற்றித் தந்தாள்.
காசை வாங்கவில்லை.
"உங்கட ஆராய்ச்சில என்ர பேர் வருமா?"
இல்லை, யாருடைய பேரும் வராது, இலக்கம்தான்.
இருபத்தாறு.
"அவர்ர பேர்?"

இரவு கணினியில் தரவு ஏற்றினேன்.
பதில் இல்லாத இடத்துக்கு ஒரு குறியீடு உண்டு, தொண்ணூற்றொன்பது.
அதன் பொருளை மென்பொருள் தன் பாஷையில் சொல்கிறது:
காணாமல் போனது.
பேராசிரியருக்கு என்ன எழுதுவது?
மாதிரி சிறிது என்று ஏற்கெனவே குறைப்படுகிறார்.
பெட்டியைக் காலியாகவே விட்டேன்.
சிவப்பாய் மின்னிக்கொண்டிருந்தது,
விளக்கை அணைத்த பிறகும்.