யார் மீட்டர்

பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டிலிருந்து மூன்றாவது சந்து, முதல் மாடி.
படிக்கட்டு விளக்குக்கு இரண்டு சுவிட்ச்.
கீழே இருதயராஜ் கதவோரம் ஒன்று,
மேலே என் செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் ஒன்று.
செத்துப்போனது என்னுடையது.
முதலில் பொரிகடலை மெல்லும் சத்தம் வந்தது,
பிறகு சத்தமும் இல்லை.

வீட்டுக்காரர் ஓசூரில்.
"நீங்களே பாத்துக்கங்க, வாடகைல கழிச்சுக்கலாம்."
எவ்வளவு என்று சொல்லவில்லை.
எலெக்ட்ரீஷியன் ஆறு சாயங்காலமாக
"சாயங்காலம் வரேன்" என்றான்.
ஷிப்ட் முடிந்து கேப் இறக்கிவிடும் இரண்டரை மணிக்கு
போன் வெளிச்சத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு
பதினேழு படி ஏறினேன். பதினொன்றாவது உடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கடைப் பையன் ஒன்-வேயைத்தான் எடுத்தான்.
"டூ-வே. பின்னால மூணு முனை இருக்கணும்" என்றேன்,
முந்தின இரவு தெரிந்துகொண்டதைப்
பரம்பரைச் சொத்துபோல.

சாயங்காலம் என் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கி
நைட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.
ஃபேன் மனசில்லாமல் நின்றது.
பலகையைக் கழற்றினால்
பல்லி முட்டை இரண்டு, ஒன்று காலி.
செம்பில் பச்சை பூத்திருந்தது,
உப்புக்காற்று இவ்வளவு தூரமா வரும்?
மூன்று கம்பியும் சிவப்பு.
போட்டவன் கையில் அன்றைக்கு ஒரே சுருள்தான் போல.

சும்மா, ஒரு பயத்துக்கு, டெஸ்டரை வைத்தேன்.
எரிந்தது.

என் வீடு முழுக்கக் கரண்ட் இல்லை,
டெஸ்டருக்குள் மட்டும் ஒரு மாதுளை முத்து.
புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.
இது கீழ்வீட்டு மீட்டர்.
நாலு வருஷமாக என் நடுராத்திரிகளுக்கு
அவர் பில் கட்டியிருக்கிறார்.

ஆடி மாசத்து மோட்டார் சண்டையில்
என் வாளிகளை எண்ணிச் சொன்னார்.
என் துணி அவர் பைக் சீட்டில் சொட்டியதைத்
தேதியோடு சொன்னார்.
இதைச் சொல்லவில்லை.
லோகோ ஒர்க்ஸில் ஒயரிங் பார்க்கிற ஆள்,
தெரியாமலா இருக்கும்?

ஐந்து மாதமாகப் பேசாத ஒருவரிடம்
"உங்க கரண்ட நிறுத்துங்க" என்று எப்படிக் கேட்பது?
இறங்கிப்போய், "மெயின்" என்றேன்.
டி.வி.யில் யாரோ அவுட் ஆகிற நேரம்.
பனியனோடு எழுந்து வந்தார்,
ஏன் என்று கேட்கவில்லை, நிறுத்தினார்.

மேலே வந்தால் நடு முனையில் இருந்தது எந்தக் கம்பி?
போட்டோ எடுத்திருக்கலாம்.
குத்துமதிப்பாகச் செருகி முறுக்கினேன்.
"போடுங்க!"
விளக்கு எரிந்தது. என் சுவிட்சுக்கு அணைந்தது, எரிந்தது.
யாருக்காவது போன் பண்ணிச் சொல்லலாம் என்று இருந்தது.
அப்போது கீழே ஒரு 'டக்'.
அதற்குப் பிறகு நான் எத்தனை தட்டியும் இருட்டு.

"நான் தட்டினா உன்னுது செத்துடுது."
"தெரியுது சார்."
"அணைக்கவா?"
"அணைங்க."
நடுவிலிருந்ததை ஓரத்துக்கும்
ஓரத்திலிருந்ததை நடுவுக்கும் மாற்றினேன்.
கட்டைவிரலில் கொஞ்சம் ரத்தம்.
"இப்போ?"
"இருங்க."
"இப்போ?"
"ம், போடுங்க."

அவர் தட்டினார், எரிந்தது. நான் தட்டினேன், அணைந்தது.
அவர் எரித்தார். நான் அணைத்தேன்.
சரிபார்க்க இவ்வளவு தேவையில்லை,
இரண்டு பேருக்கும் தெரியும்.
மேலே தள்ளினால் ஆன், கீழே தள்ளினால் ஆஃப்
என்று இதில் கிடையாது,
அடுத்த ஆள் எப்படி விட்டுப்போனாரோ அப்படி.

பில்லில் பாதி தருகிறேன் என்று சொல்லத்தான்
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன்.
"பதினொன்னாவது படி உடைஞ்சிருக்கு" என்று வந்தது வாயில்.
"தெரியும்" என்றார்.
பிறகு,
"ஆறரைக்கு மோட்டார நிறுத்திடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."
"ஏழு" என்றேன்.
கதவு சாத்தினார். விளக்கை அணைக்கவில்லை.

அந்த வெளிச்சத்திலேயே பலகையைத் திருகி மூடினேன்.
முட்டையைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்தேன்.
படியில் உட்கார்ந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தேன் வெகுநேரம்.
உள்ளே ஃப்ரிட்ஜில் பால் வெதுவெதுத்துக்கொண்டிருந்தது,
என் வீட்டு ஃபியூஸ்
இன்னும் நைட்டிப் பையில்.