நாற்பது ஹெர்ட்ஸ்

பாட்டரியிலிருந்து ஒரு சாண்.
அதற்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும்.
மற்றதெல்லாம் என் இஷ்டம்,
இது மட்டும் தீயின் இஷ்டம்.

கீழக்கரை முக்கு ரோட்டில்
பழைய இண்டிகா ஒன்றின் வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறேன்.
சீட்டுகள் வெளியே, கருவை நிழலில்,
பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல.
கார்ப்பெட்டைத் தூக்கினால்
அரைப் படி மணல்,
இரண்டு சங்குச் சில்லு,
மதுரை வரை போன டாக்ஸி ரசீது,
யாருடையதோ.

பவர் ஒயர் இடப்பக்கம்.
ஆர்.சி.ஏ. வலப்பக்கம்.
பந்தியில் முகம் பார்க்காத சம்பந்திகள்.
சேர்த்து உட்கார வைத்தால்
ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம்
ஸ்பீக்கரில் கொசு கத்தும்.

பூமிராஜ் டேப்பை ஏனோதானோவென்று சுற்றுகிறான்.
"யாருண்ணே பாக்கப்போறா, உள்ளதான இருக்கு."
நான் பார்த்தாயிற்று.
பிரித்துச் சுற்றச் சொன்னேன்.

எர்த்துக்கு இடம் தேடுவதுதான் இந்த ஊரில் பெரும்பாடு.
வேறு ஊரில் பெயின்ட்டைச் சுரண்டினால் வெள்ளி தெரியும்.
இங்கே சுரண்டினால் துரு.
இன்னும் சுரண்டினால் ரோடு.
சீட் பெல்ட் போல்ட்டுக்குப் பக்கத்தில்
ஒரு ரூபாய் அகலத்துக்கு நல்ல தகரம் கிடைத்தது.
உப்பு தின்ற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
மினுங்கியது.
முறுக்கி, மேலே கிரீஸ்,
விரலால்,
புண்ணுக்குக் களிம்பு தடவுகிற பக்குவத்தில்.

பெட்டியை எம்.டி.எஃப்.பில் செய்யவில்லை.
இரண்டு கச்சான் அடித்தால் டீயில் விழுந்த ரஸ்க்.
வள்ளம் செப்பனிடும் பட்டறையில் மிச்சப்பட்ட மரைன் பிளை.
ஜிக்சா வைத்து வட்டம் அறுக்கும்போது
நானும் பூமிராஜும் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டோம்.
வண்டிக்காரர் நூகு
பக்கத்திலேயே நின்று
நிதானமாக டீ குடித்தார்.

டிக்கி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்,
அங்கே ஹோஸும் சங்கு மூட்டையும் வரும்.
டிரைவர் சீட்டுக்குப் பின்னால், முதுகோடு ஒட்டி வை.
ஆம்ப் பக்கத்துச் சீட்டுக்கு அடியில்,
நான்கு ரப்பர் புஷ் மேல்,
தரையிலிருந்து ஒரு விரல் உயரம்.
ஈரக் கைலியோடு ஏறும் ஆட்கள்.

நாலரைக்கு ஆன் செய்தோம்.
தவில் நிறைந்த ஒரு பாட்டு.
பச்சை லைட். கோன் அசைகிறது.
ஒரு ஒயரும் வெளியே தெரியவில்லை.
எனக்கு அதுவே போதும்.

நூகு சாய்ந்தார். நிமிர்ந்தார்.
கதவில் உள்ளங்கையை வைத்தபடி மறுபடி சாய்ந்தார்.
"கதவு தள்ளும்போது முதுகுல இழுக்குது.
தப்பா மூச்சு விடுது இது."

பதினாலு வருஷம் ஒயர் உரித்த பல் எனக்கு.
பாட்டில் அப்படித்தான் இருக்கும் என்றேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னதால்
என்ன என்று கேட்டார்.
திரும்பிச் சொன்னேன்.
அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
காலையிலிருந்தே உதட்டைத்தான்.

"ஒம்பது பாகத்துல ஒண்ணு போச்சு.
மத்தது அடுத்த வருஷம்."
செருப்புத் தொலைந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

பன்னிரண்டு ஸ்க்ரூ.
பெட்டிக்குள் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தன.
பூமிராஜ் இல்லை,
நானே,
அவ்வளவு அழகாகச் சுற்றிய டேப்புக்கு அடியில்.

மாற்றி முடுக்கினேன்.
சாய்ந்தவர் கொஞ்ச நேரம் எழவில்லை.
பிறகு பாட்டை நிறுத்தச் சொன்னார்.
"நீங்க டெஸ்ட்டுக்குப் போடுற ஒத்தச் சத்தம் இருக்குமே,
அதப் போடுங்க."

நாற்பது ஹெர்ட்ஸ்.
நம்பர் பிளேட் கிலுகிலுத்தது.
பூமிராஜ் ஸ்பாஞ்ச் தேடி ஓடினான்.
ஸ்க்ரூ தட்டில் மிச்சமிருந்த வாசர்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
நூகுவின் சட்டை முதுகில் நடுங்கியது.

"இத மட்டும் அரை மணி நேரம் வர்ற மாதிரி
பென்டிரைவ்ல ஏத்தித் தாங்க."

ஏற்றிக் கொடுத்தேன்.
பில்லில் ஒயர் எழுதினேன், ஃபியூஸ், பிளை, கூலி.
பெட்டியை இரண்டாம் முறை பிரித்ததை எழுதவில்லை.
வண்டி ஏர்வாடிப் பக்கம் திரும்பியது,
கண்ணாடிகள் ஏற்றி,
வெளியே ஒன்றும் கேட்காமல்.