ஏ மூன்றரை

பகலெல்லாம் பல் செய்கிறேன்.
ஷிமிசு துறைமுகத்துக்குப் பின்னால்
வடக்கு பார்த்த ஜன்னல்கள் உள்ள ஒரு மாடியறை.
முகங்கள் அங்கே வருவதில்லை.
வாயின் அச்சு மட்டும் வரும், கூடவே ஒரு சீட்டு:
மேல்வரிசை, இடப்புறம், நிறம் ஏ இரண்டு.
பதினாறு வெள்ளைகள் எனக்குத் தெரியும்.
அவற்றில் ஒன்றுகூட வெள்ளை இல்லை.

இரவில் ரோபோ.
பெட்டியின் மேல் அது
எரியும் நகரத்தின்முன் கால் அகட்டி நிற்கிறது.
பெட்டிக்குள்ளோ
பன்னிரண்டு சட்டங்களில் காய்த்துத் தொங்குகிறது.
ஒரு கொடியில் முழங்கால், ஒரு கொடியில் கழுத்து,
விரல்கள் தனித்தனியே, எண்ணிட்டு.
காம்பை ஒட்ட நறுக்கக் கூடாது.
சற்றுத் தள்ளி ஒரு வெட்டு, பிறகு இன்னொன்று,
பிறகு உப்புத்தாள்: நானூறு, அறுநூறு, ஆயிரம்.
அவசரப்பட்டால் வெட்டிய இடம் வெளிறிப்போகும்,
அடிபட்ட நகம்போல.

சி பதினேழு துள்ளி எங்கோ விழுந்தது.
டார்ச்சோடு அரை மணி நேரம் தவழ்ந்தேன்.
குளிர்பெட்டிக்கு அடியில் கிடைத்தவை
ஒரு சட்டைப் பித்தான், உலர்ந்த பட்டாணி,
போன வருஷத்துப் பேருந்துச் சீட்டு.
சி பதினேழு என் காலுறைக்குள் இருந்தது.

கவசம் வெள்ளை என்கிறது விளக்கத்தாள்.
கடையில் குரேஹா அம்மாள் புட்டியை நீட்டி,
"சுத்த வெள்ளை, இதைவிட வெள்ளை கிடையாது" என்றார்.
ஒரு தோளுக்குப் பூசிப் பார்த்தேன்.
பல்லிளித்தது.
புதிதாய்க் கட்டிய கழிவறையின் வெள்ளை அது.
சண்டைக்குப் போய்த் திரும்பிய எதுவும்
அப்படி இருக்காது.

கரைத்துத் துடைத்தெடுத்தேன்.
காவியும் சாம்பலும் கலந்து முதல் பூச்சு.
அதன்மேல் மோர்த்தண்ணீர்போல் ஒரு வெள்ளை,
காயவிட்டு இன்னொன்று,
காயவிட்டு இன்னொன்று.
விளிம்பில் மட்டும், இருக்கிறதா இல்லையா எனும்படி நீலம்.
மூட்டுகளை நெருங்க நெருங்க மஞ்சள்,
ஈறை நெருங்கும் பல் மஞ்சளாவதுபோல.
பீங்கானுக்குச் செய்வது எதுவோ அதுதான்.
வேறெதுவும் எனக்குச் செய்யத் தெரியாது.
ஏழாம் இரவு தூரிகையின் முடி ஒன்று
தொடைக் கவசத்தில் ஒட்டி, பார்ப்பதற்குள் காய்ந்தது.
பிடுங்கினால் தோலோடு வரும்.
பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

வேலையிடத்துக்கு எடுத்துப் போனேன்.
சுகுவோ அதை ஜன்னலோரம் கொண்டுபோய்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
நிற அட்டையை எடுத்து அதன் மார்பருகே பிடித்தான்.
"ஏ மூன்றரை," என்றான்.
"ஐம்பது வயதிருக்கும். தேநீர் நிறைய.
சிகரெட்டை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருக்கலாம்."
சிரிக்கவில்லை.
பத்தொன்பது வருஷத்தில் என் வேலையை
அவன் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.
மார்புக்குள் ஓர் இருக்கை உண்டு, அதில் ஓட்டுபவன்.
தலை, நொய்யரிசி அளவு.
மூடிவிட்டால் எவர் கண்ணிலும் படமாட்டான்.
மூடுமுன், ஊசிமுனையால் தொட்டு,
அந்த முகத்தில் ஒரு புள்ளி வைத்தேன்:
சுத்த வெள்ளை, புட்டியில் இருந்தது இருந்தபடி.
இந்தக் கதைகளில் பதினைந்து வயதுக்கு மேல் யாரை அனுப்புகிறார்கள்?
பால்பல் விழுந்து எத்தனை நாள் ஆகியிருக்கும்?

பசை வைக்க மறந்தேன்.

திரும்பும்போது பேருந்தில் மடிமேல் பெட்டி.
துறைமுகச் சாலையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும்
உள்ளே அவன்
எழுந்து, மறுபடி உட்காருகிற சத்தம்.