கோரிக்கைப் படிவம், பத்தி நான்கு

ஐந்து ரோட்டில் மாடியறை அலுவலகம்.
படிவம் பறக்காதிருக்க மேலே ஸ்டேப்ளர்.
எதிரே பொன்னுரங்கம்,
வலது கையில் மாவுக்கட்டு.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பதினோராவது வளைவு.
விடிகாலை நாலேகால். காப்பி மூட்டை அறுபத்திரண்டு.
திரும்பினால்
ரோட்டை அடைத்துக்கொண்டு காட்டெருமை.
"அப்ப என்ன சொன்னீங்க?"
"அடங்கொப்புரானேன்னேன். வேறென்ன சொல்ல."

ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும்.
அடங்கொப்புரானே
எந்தக் கட்டத்திலும் அடங்காது.

ஓ மை காட் என்று அடித்து, அழித்தேன்.
இழப்பீட்டுத் தாளில் கடவுளைக் கூப்பிட்டால்
கடவுள் செயல் என்று கழித்துவிடுவார்கள்.
வாவ், அது ஜவுளிக்கடைக்கு.
ஆச்சரியக்குறி மூன்று போட்டுப் பார்த்தேன்,
தாள் கல்யாணப் பத்திரிகை போல் இளித்தது.
ஒன்றாகக் குறைத்தேன்.
பிறகு அதையும் எடுத்துவிட்டேன்.

டு மை சர்ப்ரைஸ், ஒரு காற்புள்ளி.
இஸ்திரி போட்ட சட்டை மாதிரி நல்ல வாக்கியம்.
ஆனால் அந்த 'மை' யார்?
கையெழுத்திடும் முதலாளி அந்நேரம்
செவ்வாய்ப்பேட்டையில் குறட்டை.

சர்ப்ரைஸிங்லி என்று தொடங்கினேன்.
அங்கே மாடு நிற்பதில் என்ன வியப்பு,
அது நிற்கிற மலைதானே.

ஓட்டுநர் வாக்குமூலம் என்று தலைப்பை மாற்றி
அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்:
ஐ வாஸ் சர்ப்ரைஸிங்.

விரல் வழுக்கிய தப்பு.
தமிழில் ஆச்சரியம் நம்மேல் வந்து படும்,
'படு' என்ற வினையே அதைப் பார்த்துக்கொள்ளும்.
ஆங்கிலத்தில் அந்த வேலை
கடைசியில் ஒட்டும் ஒரு டி-யுடையது.
ஐஎன்ஜி போட்டால்
படுத்தியவன் நானென்று ஆகிவிடும்.

அழிக்கப் போன விரல் நின்றது.
"அது என்ன பண்ணுச்சு?"
"என்ன பண்ணும். லைட்டுல அப்படியே நின்னுச்சு.
மூக்குல புகை.
இதெல்லாம் எங்கேர்ந்துடா வருதுன்னு பாத்தாப்புல."

அப்படியென்றால் வாக்கியம் சரிதான்.
நாலேகாலுக்கு, மூடுபனியில்,
அறுபத்திரண்டு மூட்டையோடு
ஹாரன் அடித்துக்கொண்டு வந்தவர்
வாஸ் சர்ப்ரைஸிங்.

இருந்தும் டி போட்டேன்.
முதலாளிக்குப் பணம் வரவேண்டும்,
இவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு.

இடது கையால், கோணலாக, கையெழுத்திட்டார்.
ஒன்பதாவது கட்டம்: மூன்றாம் தரப்பினர், ஆட்சேபம்.
"மாட்டுக்கு அடி ஏதும்?"
"ம்ஹூம். கொஞ்ச நேரம் மூட்டைய மோந்துச்சு.
எறங்கிப் போயிருச்சு."

இல்லை என்று அடித்தேன்.
முற்றுப்புள்ளி.