இரண்டு மீட்டர் நாற்பது

டயர்க்கடைக்கு மேலே
இந்த அறையை வாடகைக்கு எடுத்தபோது
நீளத்தை அளந்தேன்: இரண்டு மீட்டர் நாற்பது.
மேசை கொள்ளும், கணினி கொள்ளும்,
மைக் தாங்கிக்கும் இடமிருக்கும்.
அலை கொள்ளுமா என்று கேட்கத் தோன்றவில்லை.

எல் ஆல்ட்டோவில் காற்று மெலிந்தது,
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
ஒலிக்கும் மூச்சு வாங்கும் என்பார்கள்
கீழே லா பாஸில்.
பொய்.
ஒலி உயரத்தைப் பார்ப்பதில்லை, குளிரைப் பார்க்கும்.
ஐந்து டிகிரிக் காலையில்
நொடிக்கு முந்நூற்று முப்பத்து நான்கு மீட்டர்.
இங்கும் அதேதான், கடற்கரையிலும் அதேதான்.

சனிக்கிழமை எர்மோஹெனெஸ் வந்தான்,
கூடவே தியோனிசியோ.
தோளில் தோயோ, வரிசையாய்க் கட்டிய நாணல் குழல்கள்.
ஒரு மெட்டை இருவராய்ப் பங்கிட்டு ஊதுவார்கள்.
இவனிடம் உள்ள சுரம் அவனிடம் இராது.
ஒருவன் ஊதும்போது மற்றவன் மூச்சு இழுக்கிறான்.
இந்த உயரத்தில் அதுதான் புத்தி.

மரியாதைக்கு
அறையின் நடுவில் நிற்க வைத்தேன்.
மைக்கும் நடுவில்தான்.

மெட்டு இறங்கி இறங்கி
எர்மோஹெனெஸின் மிக நீண்ட குழலுக்கு வந்தபோது
ஹெட்போனில் உதட்டுக்காற்று மட்டும் கேட்டது.
ஃபூ.
மறுபடி ஃபூ.
"ஊது."
"ஊதிக்கொண்டுதானே இருக்கிறேன்."
தியோனிசியோ தன் செருப்பைப் பார்த்தான்.

வெள்ளீயச் சுரங்கத்தில் ஒன்பது வருடம்.
போன வாரம் எக்ஸ்ரே எடுத்திருக்கிறான்,
முடிவு செவ்வாய்க்கிழமை.
குழலைத் துடைத்தான்.
பிறகு, எதையோ தேடுவதுபோல்,
சட்டைக்கு மேலே மார்பைத் தொட்டான்.

எனக்கு அவசரம் வந்துவிட்டது.
நாலு லாமாக் கம்பளிகளைச் சுவரில் மாட்டினேன்.
தெருவின் ஹார்ன்கள் மங்கின,
என் குரலிலிருந்த 'ஸ்' கூட மழுங்கியது.
அந்தச் சுரம் மட்டும் வரவில்லை.
நாலு மீட்டர் எண்பது நீள அலைக்கு
ஒரு விரற்கடைக் கம்பளி
யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அலுத்துப்போய் ஹெட்போனைக் கழற்றி
சுவரோடு சாய்ந்தேன்.
அவன் விடாமல் ஊதிக்கொண்டிருந்தான்.

முதுகில் சாந்து அதிர்ந்தது.
லேசாகத்தான். பூனை வயிற்றில் கை வைத்ததுபோல்.

அப்போதுதான் அளவுநாடாவைக் குழலில் வைத்தேன்.
ஒன்று இருபது. அடி மூடிய குழல்.
அதன் அலை நான்கு மடங்கு: நாலு எண்பது.
அதில் சரிபாதி
இந்தப் பாழாய்ப்போன அறை.
இருவரும் வருவதற்கு முன்பே
குழலும் சுவர்களும் பேசி முடித்திருக்கின்றன.
போன அலை திரும்பிய அலையோடு மோத
அழுத்தமெல்லாம் இரு சுவரில் ஏறி இறங்குகிறது.
நடுவில் காற்று முன்னும் பின்னும் ஆடுகிறது,
அழுத்தம் அசைவதே இல்லை.
அழுத்தம் மட்டுமே தெரிந்த மைக்கை
அங்கே கொண்டுபோய் நட்டவள் நான்.
சீசாப் பலகையின் நட்டநடுவில் அவனை நிறுத்தி
'ஆட்டு, ஆட்டு' என்றவளும் நான்.

"சுவர்ப்பக்கம் போ. இன்னும். இன்னும்."
கெட்ட பிள்ளையைப்போல்
சாந்தைப் பார்த்து நின்றான்.
மைக்கை எதிர்ச்சுவருக்கு ஓரடி முன்னால் நகர்த்தினேன்.

முள் சிவப்புக்குப் பாய்ந்தது.
ஜன்னல் கண்ணாடி பல்லடித்தது.
கீழேயிருந்து பால்டாசார்
டயர் நெம்பியால் கூரையை இடித்தான்.
தியோனிசியோ தன் பாதிச் சுரத்தை
சிரிப்போடு உள்ளே நுழைக்க
மெட்டு முழுசாய் நடந்தது, ஏழு சுற்று.

கடைசியில் அவனுக்கு இருமல் வந்தது.
அதையும் சுவர் விடவில்லை.
அறை பாரபட்சம் பார்ப்பதில்லை.

இருமலை வெட்டிவிடவா என்று கேட்டேன்.
பதில் சொல்லாமல்
ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டான்.
கயிறு எட்டிய மட்டும் நடந்து
காலையில் நின்ற அதே இடத்தில் நின்றான்,
அறையின் நடுவில்.
ஒரு கையால் காதை அழுத்திக்கொண்டு
"இன்னொரு முறை போடு" என்றான்,
கேட்காதவர்கள் பேசும் பெரிய குரலில்.