வரவேண்டியவை

தொலைநகலில் வந்தது ஒரே பத்தி.
இன்று மாலை முதல் உறவு முறிந்தது.
தூதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்,
மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.
அதே பத்திதான்.

நான் கணக்காளர். பிளாந்தின் கி.
புர்க்கினாவில் கி என்றால் சாமோ என்று
குழந்தைக்கும் தெரியும்.
தைபேயில் நான் வந்திறங்கிய இரவு
ஓட்டுநர் பெங் அந்த ஓரெழுத்தை அட்டையில் ஏந்தி
ஒரு சீனத்தியைத் தேடிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார்.
ஆறு வருடம் அந்த ஒரு சிரிப்பிலேயே
ஓடியது எங்கள் வண்டி.

இப்போது தியன்மூவில், மூன்றாம் மாடியில்,
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
நாற்காலி இருபத்தாறு. முத்திரை நான்கு.
கொடி மூன்று,
ஒன்றின் நட்சத்திரம் மழையில் வெளுத்துப் பாலேடு நிறம்.
பித்தளைப் பலகை இருந்த இடத்தில் நான்கு துளைகள்.
வீட்டுக்காரர் ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்து
முன்பணத்தில் பிடித்துக்கொள்வேன் என்கிறார்.

மதியம் பிங்துங்கிலிருந்து ஒரு மாணவன்.
ஸூங்ரானா, மோஸி.
நெல் ஆராய்ச்சி, மூன்றாம் ஆண்டு.
நாற்று தயாராம், அடுத்த வாரம் நடவாம்.
"யார் நடுவார்கள், அம்மணி?"
அதற்கு என்னிடம் படிவம் இல்லை.

அவன் உதடு துடிக்கத் தொடங்கியது.
"அடேய் என் அடிமையே," என்றேன்,
"எங்கள் நாய்த்தலையைத் தின்றவன் நீதானே?"
சட்டென்று நிமிர்ந்தான்.
"தலை எங்களுக்குத்தான். நக்குவதற்கு
உங்களுக்கு எலும்பு விட்டோமே, போதாதா?"

மோஸியும் சாமோவும் எதிர்ப்பட்டால் ஏச வேண்டும்,
அது முறை.
சாவு வீட்டில்கூட,
செத்தவரின் சட்டையை மாட்டிக்கொண்டு
அவரைப் போலவே நொண்டி நடந்து
அழுகிறவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும்.
ஏசாமல் கடந்து போனால்
உனக்கும் எனக்கும் என்ன பகை என்று கேட்பார்கள்.

கதவருகே பெங்.
"சண்டையா?"
"ஆமாம். முன்னூறு வருடமாக."
தலையாட்டிவிட்டு மூன்று கோப்பைத் தேநீர் வைத்தார்.
மாணவன் இரண்டைக் குடித்தான்.

இரவு, பட்டியலின் கடைசிப் பக்கம்.
வரவேண்டியவை:
வீட்டு முன்பணம், துளைகள் போக.
மின்சாரப் பிணைத்தொகை.
நாய்த்தலை ஒன்று, ஸூங்ரானா வகையறாவிடமிருந்து.
கையெழுத்துப் போட்டு முத்திரைக்குக் கை நீட்டினால்
நான்கும் பெட்டிக்குள்.
அப்போதுதான் நாடா ஒட்டி முடித்திருந்தார் பெங்.

என் முகத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.
நகத்தால் நாடாவின் முனையைத்
தேடத் தொடங்கினார்.