அணியத்துக்கு மூக்குக் குத்தியது

காரைக்குடியில் படகு வேலையா என்று
டீக்கடையில் சிரித்தார்கள்.
கழனிவாசல் பக்கம் என் பட்டறை,
ஆழ்குழாய் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற இடம்.
கடல் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்,
அதுவும் வைக்கோல் டிராக்டர் முன்னால் போகாவிட்டால்.

டிரெய்லரில் கட்டி இழுத்து வந்திருந்தார்
தொண்டி நூர்தீன்.
பதினாறு அடி. கொச்சியில் யாரோ கழித்த ஜெட் போட்.
அடியில் விசிறி கிடையாது, சுக்கான் கிடையாது.
வயிற்றால் தண்ணீரை உறிஞ்சி
வாலால் பீச்சி ஓடும்.
முழங்கால் ஆழம் போதும் என்றார்.
பெருமை முடியுமுன்பே குரல் இறங்கிற்று.

"ஓடுறப்ப ராஜா.
கரைக்கு வந்து வேகத்தைக் குறைச்சா
எவன் பேச்சும் கேக்காது.
பீச்சுனாத்தான் திரும்பும்.
நிறுத்துனா, காத்து சொல்ற பக்கம் மூக்க வச்சுக்கும்."

ஆடியில் அப்படித்தான்
கச்சான் காற்று தள்ளித் தள்ளி
மச்சான் வள்ளத்தின் விலாவில் இடித்திருக்கிறது.
உடைந்தது பலகை இரண்டு.
பேச்சு நின்று ஐந்து மாதம்.

நான் கேட்டது ஒன்றுதான்:
எத்தனை ஆம்பியர்?

அவர் வாங்கி வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன்.
அணியத்தில் குறுக்கே போக ஒரு குழாய்,
குழாய்க்குள் கையகல விசிறி,
மேலே பன்னிரண்டு வோல்ட் மோட்டார்.
எனக்குத் தெரிந்த முகம்.
நம் கிணற்று மோட்டாருக்குச் சித்தப்பா மகன்,
மேலே தள்ளாமல் பக்கவாட்டில் தள்ளுகிறவன்.

தெரியாதது ஓட்டை.
மிதக்கிற ஒன்றில்
நீர்மட்டத்துக்குக் கீழே, அதுவும் இரண்டு பக்கமும்,
சாணளவு வட்டம் வரைந்துவிட்டு
அரை மணி நேரம் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.
செங்கொடிதான் டிரில்லை வாங்கினாள்.
தன் மூக்குத்தியைத் தொட்டுக் காட்டி,
"ஆசாரிக்கும் கை நடுங்குச்சாம்.
எனக்கு மூச்சு என்ன ஒழுகியா போச்சு?"

ஃபைபர் தூள் கழுத்தில், இமையில், சோற்றில்.
தேங்காய் எண்ணெய் தேய்த்தும் இரண்டு ராத்திரி அரிப்பு.
மார்கழிக் குளிரில் பசை இறுகவில்லை.
அணியத்துக்கு அடியில் நூறு வாட் பல்பு தொங்கவிட்டு
கோழிக்குஞ்சுபோல் காத்தோம்.
பேட்டரியை முன்னால் வைத்ததில்
மூக்கு இரண்டு விரற்கடை தாழும் என்று கணக்கு சொன்னது.
நங்கூரத்தைப் பின்னால் தூக்கிப் போட்டேன்.

இனித் தண்ணீர் வேண்டும்.
ஊருணிச் சுவரில் எழுதியிருக்கிறது,
கால் நனைக்கவும் கூடாது.
புதுவயல் தாண்டிச் செம்புறாங்கல் வெட்டிய பள்ளம்,
அடைமழை விட்டுப்போன டீ நிறத் தண்ணீர்.
மேட்டில் நாற்பது ஆடுகள், ஒரு லுங்கி.
இறக்கினோம்.

இடப் பொத்தானை அமுக்கினேன்.
அணியம் வலப்பக்கம் போனது.
லுங்கி கைதட்டினார்.
சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கட்டி
மறுபடி.

எஞ்சின் அணைந்து கிடக்கிறது.
பின்னால் ஒரு குமிழிகூட இல்லை.
ம்ம்ம் என்று குழாய் முனக
படுத்த எருமை கூப்பிட்ட குரலுக்குத் திரும்புவதுபோல
இருந்த இடத்திலேயே
அது முகத்தைத் திருப்பியது.
நூர்தீன் ஒன்றும் சொல்லவில்லை.
இந்தப் பக்கம் ஒரு தரம்,
அந்தப் பக்கம் ஒரு தரம்,
அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.
"மூணு நிமிஷத்துக்கு மேல வேண்டாம் பாய்,
சுருள் வெந்துரும்" என்று
நான்தான் கையைப் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து போன் வந்தது.
வாடை இரைச்சலில் பாதி கேட்கவில்லை.
"நடந்து வர்ற மாதிரி வந்துச்சு, வேலு.
ஒரசவே இல்ல.
கரையில மச்சான்தான் நின்னாரு.
கயிறை வீசுனேன். புடிச்சாரு."

பேசினாரா?

"ரெண்டு சுத்து சுத்தி இறுக்கிக் கட்டுனாரு."

பாக்கி ஆயிரத்து எண்ணூறு பற்றி
நானும் பேசவில்லை.
மேஜையில் மிளகாய்த் தோட்டத்து மோட்டார்
கருகி நாறிக்கொண்டு கிடந்தது.